பழைய அவுட்போர்டு இஞ்சினை வீட்டிலேயே பழுது பார்ப்பது: எதை முதலில் பார்க்க வேண்டும், எதைக் கடைசியில் திறக்க வேண்டும்

இந்த வழிகாட்டி 8 முதல் 15 குதிரைத்திறன் வரை உள்ள, கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு இஞ்சின்களுக்கானது. குமரிக் கடற்கரையில் பைபர் வள்ளங்களின் பின்னால் தொங்கும் யமஹா, சுசூகி இரட்டை சிலிண்டர் இஞ்சின்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். போர் ஸ்ட்ரோக் இஞ்சினுக்கு இதில் பாதி பொருந்தும், பாதி பொருந்தாது.

முதன்முதலாகக் கை வைப்பவர்களைப் பல வருடமாகப் பார்த்துவருகிறேன். பத்தில் எட்டுப் பேர் நேராகக் கார்புரேட்டரைக் கழற்றுகிறார்கள். எங்கள் தெருவில் ஒரு தம்பி ஒரே வாரத்தில் மூன்று முறை கார்புரேட்டரைப் பிரித்து மாட்டினான். கடைசியில் பார்த்தால் டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் திருகு அடைத்துக் கிடந்தது. அதற்குள் மெதுவோட்டத்தைச் சரிசெய்யும் பைலட் திருகின் முனை நசுங்கி, புது கார்புரேட்டர் வாங்கும் நிலைக்கு வந்துவிட்டான். கழற்றாமல் பார்க்கக்கூடியதை முதலில் பார்க்க வேண்டும், கழற்றினால் திரும்பச் சேர்க்கக் கடினமானதைக் கடைசியில் தொட வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. தயவுசெய்து இடையில் தாண்டிப் போகாதீர்கள்.

1. தொடங்கும் முன் சேர்த்து வைக்க வேண்டியவை

இஞ்சினை நிமிர்த்தி மாட்ட ஒரு மரச் சட்டம் வேண்டும். இரண்டு அங்குலத் தடிப்புள்ள பலகையைக் குறுக்கே போல்ட் போட்டு நிறுத்தினால் போதும். தரையில் கிடத்தி வேலை செய்தால் காலுக்குள் (தண்ணீரில் இறங்கும் கீழ்ப்பகுதி) தங்கிய உப்புத் தண்ணீர் எக்ஸாஸ்ட் வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கும். வேறு வழியில்லாமல் கிடத்த நேர்ந்தால், தலைப் பக்கம் எப்போதும் காத்தாடிப் (புரொப்பெல்லர்) பக்கத்தைவிட உயரமாக இருக்கட்டும்.

200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்று, மேல்பகுதி வெட்டியது. நல்ல தண்ணீர்.

கருவி என்று பார்த்தால் 8, 10, 12, 13 எண் ரிங் ஸ்பேனர்கள், பிளக் ஸ்பேனர், பிடிமானம் தேயாத ஸ்குரூ டிரைவர்கள், மல்டிமீட்டர், சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ், இரண்டு முனையிலும் கிளிப் உள்ள ஒரு துண்டு வயர். கம்ப்ரஷன் கேஜை மட்டும் பலர் வாங்குவதில்லை. இரவல் வாங்கியாவது வையுங்கள். அது இல்லாமல் செய்யும் வேலை பாதிக்கு மேல் ஊகமாகிவிடும்.

உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவல் கிடைத்தால் அதைப் பக்கத்தில் வையுங்கள். கழற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுங்கள். வயர்கள் போகும் பாதையையும் சேர்த்து எடுங்கள், ஏனென்றால் பிளைவீலில் உரசாமல் வயரைத் திரும்ப வைப்பது பிற்பாடு நினைவுக்கு வராது.

வேலை வெளியில், காற்றோட்டமான இடத்தில் நடக்க வேண்டும். பெட்ரோல் ஆவி கனமானது, தரையோடு தங்கும். அடுப்பு எரியும் பக்கமோ சாமி விளக்கு இருக்கும் திண்ணையோ இதற்கு ஆகாது.

2. ஸ்பேனரைத் தொடாமல் பார்க்க வேண்டியவை

கயிறு இழுக்கவே வரவில்லையா? இஞ்சின் சீஸ் ஆகிவிட்டது என்று பதற வேண்டாம். பல மாடல்களில் கியரில் இருந்தால் கயிறு பூட்டிக்கொள்ளும். நியூட்ரலுக்குக் கொண்டுவந்து இழுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் இரண்டு பிளக்கையும் கழற்றிவிட்டு, பிளைவீலைக் கையால் வலஞ்சுழியாக மட்டும் திருப்பிப் பாருங்கள். இடஞ்சுழியாகத் திருப்பினால் தண்ணீர் பம்பின் ரப்பர் இதழ்கள் எதிர்ப்பக்கம் மடங்கும்.

அடுத்தது, சுருள் கயிற்றோடு ஸ்டாப் பட்டனில் செருகும் சிவப்புக் கிளிப். அது இல்லாவிட்டால் ஸ்பார்க் வரவே வராது. கிளிப் தொலைந்து, வயரை முறுக்கி வைத்த பழைய இஞ்சின்களும் நிறைய உண்டு. அங்கே கை வைத்தது யார், என்ன செய்தார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

டேங்க் மூடியின் காற்றுத் திருகைத் திறந்து வையுங்கள். மூடியிருந்தால் இஞ்சின் நன்றாகப் பிடித்து, ஐந்து பத்து நிமிடம் ஓடி, நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பப் பிடிக்கும். இந்தக் குணம் தெரிந்தால் வேறெதையும் தொட வேண்டாம்.

டேங்கில் இருக்கும் பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் எடுத்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்காகத் தண்ணீர் தெரிகிறதா என்று பாருங்கள். இப்போது பங்கில் கிடைப்பது 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கும். டேங்கின் ஓஸ் உறிஞ்சுவது அந்த அடியைத்தான். மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோலை நம்பி எந்தச் சோதனையும் செய்யாதீர்கள். புதிதாக ஒரு லிட்டர் கலந்து, அதில் சோதியுங்கள்.

கலவை: பெட்ரோலில் ஓடும் மாடல்களில் பெரும்பாலும் 50க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி ஆயில். உங்கள் மாடலின் அளவை மேனுவலில் சரிபாருங்கள். ஆயில் டிசி-டபிள்யூ3 என்று போட்ட அவுட்போர்டு ஆயிலாக இருக்கட்டும். பைக்குக்கு விற்கும் டூ-டி ஆயில் காற்றால் குளிரும், அதிகச் சூட்டில் ஓடும் இஞ்சினுக்காகச் செய்தது. தண்ணீரால் குளிரும் இந்த இஞ்சினில் அது பிளக்கிலும் ரிங்கிலும் படியும். அதிகம் ஊற்றினால் இஞ்சினுக்கு நல்லது என்று நினைத்து இரட்டிப்பாக ஊற்றுபவர்கள் பிளக்கை அடிக்கடி மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

3. பிளக்கின் நிறமும் கம்ப்ரஷனும்

பிளக் இரண்டையும் கழற்றி, எது மேல் சிலிண்டர், எது கீழ் என்று குறித்து வையுங்கள். நன்றாக எரியும் பிளக் மணல் நிறத்துக்கும் சிரட்டை நிறத்துக்கும் இடையில் இருக்கும். கறுத்து ஈரமாக இருந்தால் எரிபொருள் வருகிறது, எரியவில்லை. வெளுத்துக் கொப்புளம் போட்டிருந்தால் அதிகச் சூடு, அல்லது எரிபொருள் போதவில்லை. பீங்கானில் மினுமினுப்பாகப் பொடித்துகள் ஒட்டியிருந்தால் பிஸ்டன் உருகுகிறது என்று பொருள். அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஒரு பிளக் நல்ல நிறத்திலும் மற்றது ஈரமாகவும் இருந்தால் பெரிய துப்பு கிடைத்துவிட்டது. இந்த அளவு இஞ்சின்களில் பலவற்றில் இரண்டு சிலிண்டருக்கும் ஒரே கார்புரேட்டர்தான். ஒன்று எரிந்து ஒன்று எரியவில்லை என்றால் கார்புரேட்டர் மேல் சந்தேகம் கொள்ள இடமில்லை. ஸ்பார்க்கையோ கம்ப்ரஷனையோதான் பார்க்க வேண்டும்.

கம்ப்ரஷன் பார்க்கும்போது இரண்டு பிளக்கும் வெளியே இருக்க வேண்டும், திராட்டில் முழுதும் திறந்திருக்க வேண்டும், பிளக் வயர்கள் இரண்டும் இஞ்சின் உலோகத்தோடு எர்த் ஆகியிருக்க வேண்டும். எர்த் இல்லாமல் இழுத்தால் மின்னழுத்தம் போக வழியின்றி, ஸ்பார்க்குக்கு மின்சாரம் அனுப்பும் சிடிஐ பெட்டியும் காயிலும் கெடலாம். கேஜைத் திருகி, முள் ஏறாமல் நிற்கும் வரை நாலைந்து முறை பலமாக இழுங்கள்.

நல்ல பெட்ரோல் இஞ்சினில் 100 பிஎஸ்ஐக்கு மேல் காட்டும். மண்ணெண்ணெய் மாடல்களில் கம்ப்ரஷன் விகிதமே குறைவாக வைத்திருப்பார்கள், ஆகவே எண் குறைந்துதான் வரும். எண்ணைவிட முக்கியம் இரண்டு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசம். 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் மேலே போகலாம். ஒன்று மட்டும் மிகக் குறைவாக இருந்தால் அந்தத் துளையில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். முள் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது அல்லது ஒட்டியிருக்கிறது. இரண்டும் ஒரே அளவில் குறைந்திருந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம்.

இந்தச் சோதனையை முதலிலேயே செய்யச் சொல்வதற்குக் காரணம் பணம். கம்ப்ரஷன் இல்லாத இஞ்சினுக்குப் பிளக், காயில், கார்புரேட்டர் கிட் என்று வாங்கிப் போட்டால் அத்தனையும் வீண்.

4. ஸ்பார்க்

பழைய பிளக்குகளைத் துளையில் திருகி அடைத்துவிடுங்கள். புது பிளக்குகளை மூடியில் செருகி, அவற்றின் உலோக உடலைக் கிளிப் வயரால் இஞ்சினில் எர்த் செய்யுங்கள். துளையிலிருந்து தெறிக்கும் பெட்ரோல் ஆவியில் ஸ்பார்க் பட்டால் தீப்பிடிக்கும், அதனால்தான் அடைக்கச் சொல்கிறேன். பிளக்கைக் கையால் பிடித்துக்கொண்டு இழுக்காதீர்கள். சிடிஐ மின்சாரம் ஆளைத் தூக்கி எறியும்.

நிழலில் வைத்துப் பார்த்தால் நீல நிறத்தில் சடக் என்ற ஒலியோடு விழ வேண்டும். மெலிந்த மஞ்சள் பொறி போதாது. அப்படிப்பட்ட பொறி திறந்த வெளியில் விழுந்தாலும், சிலிண்டருக்குள் அழுத்தத்தில் விழாது.

ஒன்றில் மட்டும் இல்லை: பிளக், அதன் மூடி, வயர் என்ற வரிசையில் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். மூடிக்குள் பச்சை பூத்திருந்தால் வயரின் நுனியை ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மூடியைத் திரும்பத் திருகினாலே சரியாகிவிடுவது உண்டு.

இரண்டிலும் இல்லை: ஸ்டாப் சுவிட்சின் வயரைப் பிரித்துப் பாருங்கள். யமஹாவில் வெள்ளையும் கறுப்பும். வெள்ளையைப் பிரித்ததும் ஸ்பார்க் வந்தால் சுவிட்சுக்குள் உப்பு ஏறி ஷார்ட் ஆகியிருக்கிறது. சோதனை முடிந்ததும் புது சுவிட்ச் மாட்டிவிட்டுத்தான் கடலுக்குப் போக வேண்டும். பிரித்த நிலையில் ஓட்டினால் ஆள் விழுந்தாலும் இஞ்சின் நிற்காது.

சுவிட்ச் நன்றாக இருந்தால் மிஞ்சுவது பிளைவீலுக்குக் கீழே உள்ள சார்ஜ் காயில், பல்சர் காயில், வெளியே உள்ள சிடிஐ, இக்னிஷன் காயில். காயில்களின் ஓம் அளவை மேனுவலோடு ஒப்பிடலாம். அதற்கு முன்னால் ஒவ்வொரு எர்த் போல்ட்டையும் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து மாட்டுங்கள். உப்புக் காற்றில் கிடக்கும் இஞ்சினில் எர்த் அரித்துப்போவது சாதாரணம். எல்லாக் காயிலும் சரி என்று தெரிந்த பிறகுதான் சிடிஐ பெட்டியைக் குற்றம் சொல்லலாம், ஏனென்றால் விலை அதிகமானது அது, கடையில் திரும்ப எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

பிளைவீலைக் கழற்ற அதற்கான புல்லர் வேண்டும். சுத்தியலால் அடித்துக் கழற்றினால் உள்ளே உள்ள காந்தம் விண்டுபோகும். சிடிஐ வருவதற்கு முந்தைய பிளாட்டினம் பாயிண்ட் உள்ள இஞ்சினாக இருந்தால், பாயிண்டில் கறை படிந்திருக்கும், சுத்தம் செய்து இடைவெளி வைத்தாலே பெரும்பாலும் உயிர் வந்துவிடும்.

பிளக் எண்ணை மாற்றாதீர்கள். என்ஜிகே பி7எச்எஸ்-10 என்றால் கடைசியில் உள்ள 10 இடைவெளி 1 மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கும். 10 இல்லாத பி7எச்எஸ் வேறு இடைவெளி. கையால் முழுதும் திருகிய பிறகு, புது வாஷரோடு உள்ள பிளக்கை ஸ்பேனரால் அரைச் சுற்றுக்குச் சற்று மேல் இறுக்கினால் போதும்.

5. டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை

ஓஸில் உள்ள ரப்பர் பல்பில் ஓர் அம்புக்குறி இருக்கும். அது இஞ்சினைப் பார்த்திருக்க வேண்டும். பல்பை அம்பு மேல்நோக்கி இருக்கும்படி நிமிர்த்திப் பிடித்து அமுக்குங்கள், உள்ளே உள்ள வால்வுகள் அப்படித்தான் நன்றாக அடைக்கும். பத்துப் பதினைந்து அமுக்கலில் கல்லுப்போல் இறுக வேண்டும்.

இறுகவே இல்லையென்றால் எங்கோ காற்று உறிஞ்சுகிறது, அல்லது கார்புரேட்டரில் மிதவை ஊசி அடைக்காமல் வழிகிறது. வழிந்தால் மூக்குக்கே தெரியும். காற்று உறிஞ்சும் இடம் பெரும்பாலும் ஓஸ் இஞ்சினில் செருகும் இடத்து ஓ-ரிங். பல்பு அமுங்கியபடியே சப்பிக் கிடந்தால் அடைப்பு டேங்க் பக்கம்.

ஓடிக்கொண்டிருக்கும் இஞ்சின் அடங்கும்போது பல்பை விடாமல் அமுக்குங்கள். உயிர் திரும்பினால் பிழை பியூவல் பம்பில் அல்லது காற்று உறிஞ்சும் ஓஸில். கார்புரேட்டரைத் தொட வேண்டாம். பம்புக்குள் இருக்கும் மெல்லிய டயாபிரம், கிராங்க் கேஸின் அழுத்தத் துடிப்பால் வேலை செய்வது. பத்து வருடமான டயாபிரம் விறைத்துவிடும், எத்தனால் பெட்ரோல் அதை இன்னும் சீக்கிரம் கெடுக்கும். கிட் மலிவுதான். கழற்றும்போது தகடுகளின் வரிசையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பில்டரை மறக்காமல் பாருங்கள். உள்ளே கறுப்புத் துகள் இருந்தால் ஓஸின் உட்சுவர் உரிகிறது. ஓஸையும் மாற்றாமல் பில்டரை மட்டும் கழுவினால் அடுத்த வாரமே அதே நிலை.

6. கார்புரேட்டர்

இதுவரை பார்த்த எல்லாம் சரி, இன்னும் ஸ்டார்ட் ஆகவில்லை அல்லது மெதுவாக ஓடும்போது நிற்கிறது என்றால் இப்போது கழற்றலாம்.

பைலட் திருகை முதலில் உள்பக்கமாக மென்மையாகத் திருகி, அது உட்காரும் வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதுங்கள். பிறகுதான் வெளியே எடுக்க வேண்டும். விரலால் உணரும் அளவில் நிறுத்த வேண்டும். இறுக்கினால் கூர்முனை நசுங்கி, இனி எந்தச் சுற்றிலும் சரியாக ஓடாது.

கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தைத் திறந்ததும் பச்சையாகவோ பிசினாகவோ படிந்திருந்தால் அதுதான் நோய். பெட்ரோல் போகும் துளையுள்ள சிறு திருகுகளான மெயின் ஜெட், பைலட் ஜெட் இரண்டையும் சரியான அகலமுள்ள ஸ்குரூ டிரைவரால் கழற்றுங்கள். ஜெட் பித்தளை, துளை மிகச் சிறியது. ஊக்கு, கம்பி, கிதார் கம்பி எதையும் நுழைக்காதீர்கள், துளை அகன்றுவிடும். நான் பயன்படுத்துவது தங்கூசி நரம்பு, அதாவது மீன்பிடி நைலான் நூல். துளைக்குள் போகும் மிக மெல்லிய நம்பராக எடுத்து, நுனியைச் சாய்த்து வெட்டினால் ஜெட்டைக் கீறாமல் அழுக்கைத் தள்ளும். அப்புறம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும்.

பைலட் ஜெட் அடைத்தால் மெதுவாக ஓடும்போது இஞ்சின் நின்றுவிடும். மெயின் ஜெட் அடைத்தால் மெதுவாக ஓடும், திராட்டில் கொடுத்தால் மூச்சு முட்டும். எது அடைத்திருக்கிறது என்பதைக் கழற்றும் முன்பே இப்படிக் கணிக்கலாம்.

கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே ரப்பரைத் தின்னும். ஓ-ரிங், ஊசி, மிதவை எல்லாவற்றையும் எடுத்த பிறகே அடியுங்கள். மிதவை ஊசியின் நுனியில் வளையமாகத் தடம் விழுந்திருந்தால் மாற்ற வேண்டும். மிதவையின் உயரத்தை வளைத்துச் சரிசெய்யும் ஆசை வரும். மேனுவலில் உள்ள அளவை எடுத்துப் பார்க்காமல் அந்தத் தகட்டைத் தொடாதீர்கள்.

7. மண்ணெண்ணெயில் ஓடும் இஞ்சின் என்றால்

இந்த இஞ்சின்களில் வரும் புகாரில் பாதி, இஞ்சினில் பிழையே இல்லாமல் வருவது. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, ஹெட் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பாகவே திரும்பப் பெட்ரோலுக்கு மாற்ற வேண்டும். கரையில் அவசரமாக மண்ணெண்ணெயிலேயே நிறுத்தினால் கிண்ணம் முழுக்க மண்ணெண்ணெய் தங்கும். மறுநாள் விடியலில் ஆறிய இஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, தோள் கழன்று போகும் வரை இழுக்க வேண்டியதுதான். அப்படி நேர்ந்தால் கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித் திருகைத் திறந்து காலி செய்து, பெட்ரோலை ஏற்றி, பிளக்கைத் துடைத்து மாட்டுங்கள்.

மண்ணெண்ணெய் கரியை அதிகம் படியவைக்கும். ஹெட்டைத் திறக்க நேர்ந்தால் கரியை மரச் சீவுளியால் சுரண்டுங்கள். இரும்பு பட்டால் அலுமினியத்தில் கோடு விழும், அடுத்த கரி அந்தக் கோட்டில்தான் பிடிக்கும்.

8. உப்பில் இறுகிய போல்ட்

இதற்குத் தனியாக ஒரு படி கொடுக்கிறேன், ஏனென்றால் பழைய அவுட்போர்டில் வீட்டு வேலை தோற்பது அறிவுக் குறையால் அல்ல, உடைந்த போல்ட்டால். நான் முதலில் திறந்த இஞ்சினில் காலின் நாலு போல்ட்டில் ஒன்று தலை முறிந்து உள்ளே நின்றுவிட்டது. அதைத் துளையிட்டு எடுக்க இரண்டு நாள், லேத்துக்காரர் கூலி தனி.

எவர்சில்வர் போல்ட்டும் அலுமினிய உடலும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடியாகித் திருகு மரையை அடைத்துக்கொள்ளும். முந்தைய நாள் மாலையே ஊடுருவும் ஆயில் அடித்து ஊற விடுங்கள். காலையில் போல்ட்டின் தலையில் சுத்தியலால் நேராகச் சில தட்டுகள். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, பிறகு கழற்றும் பக்கம். கால் சுற்று வந்தால் மறுபடி ஆயில், மறுபடி முன்னும் பின்னும். ஸ்பேனர் நகர்கிறது, ஆனால் ரப்பர் முறுகுவதுபோல் இருக்கிறது என்றால் போல்ட் முறியப் போகிறது. நிறுத்திவிட்டு, சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்குங்கள். பெட்ரோல் டேங்கும் ஓஸும் அப்போது வெகு தள்ளி இருக்க வேண்டும்.

திரும்ப மாட்டும்போது ஒவ்வொரு மரையிலும் மரைன் கிரீஸ். அடுத்த முறை கழற்றப் போவதும் நீங்கள்தான்.

9. தண்ணீர் பம்ப்

இஞ்சின் ஓடும்போது பின்னால் தண்ணீர் பீச்சவில்லை என்றதும் பலர் காலைக் கழற்றப் போய்விடுகிறார்கள். முதலில் அந்தத் துளைக்குள் தடித்த தங்கூசியை விட்டுக் குத்துங்கள். உப்பும் மணலும் அடைத்திருந்தால் உடனே பீச்சும். தண்ணீர் உறிஞ்சும் சல்லடை காலின் பக்கவாட்டில் இருக்கிறது, அங்கே பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அதற்கும் வரவில்லையென்றால் இம்பெல்லர். இது ரப்பர் இதழ்கள் கொண்ட சிறு சக்கரம். தண்ணீர் இல்லாமல் இஞ்சினைச் சில நொடிகள் ஓட்டினாலே இதழ் கருகத் தொடங்கும். இஞ்சினை முன்பு வைத்திருந்த ஆள் கடைசியாக எப்போது மாற்றினார் என்று தெரியாவிட்டால் கேள்வியே வேண்டாம், புதிது போடுங்கள்.

பிளக் மூடிகளைக் கழற்றிவிட்டுத்தான் காலில் கை வைக்க வேண்டும். கியர் கம்பியின் இணைப்பைப் பிரியுங்கள். சில மாடலில் நட்டு, சிலவற்றில் பின். கழற்றும்போது எந்தக் கியரில் இருந்தது என்று குறித்துவையுங்கள், அதே கியரில்தான் திரும்பச் சேர்க்க வேண்டும். காலின் போல்ட்டுகளை எடுத்து, கால் கழன்று பாதத்தில் விழாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள, நேராகக் கீழே இறக்குங்கள்.

பம்ப் கூட்டைத் திறந்ததும் இதழ்களை எண்ணுங்கள். உடைந்த துண்டு ஒன்று காணவில்லை என்றால் அது மேலே தண்ணீர்க் குழாயிலோ தெர்மோஸ்டாட் பக்கமோ சிக்கியிருக்கிறது. அதைத் தேடி எடுக்காமல் புது இம்பெல்லர் போட்டால் கொஞ்ச தூரத்தில் இஞ்சின் சூடாகும், நீங்கள் புது இம்பெல்லரைக் குறை சொல்வீர்கள். கூட்டின் உட்சுவரிலும் அடித் தகட்டிலும் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் சிக்கும் அளவு கோடு இருந்தால் அவற்றையும் மாற்ற வேண்டும்.

ஷாப்டில் உள்ள சிறு சாவித் துண்டை மணலில் விழவிடாதீர்கள். அது இல்லாமல் இம்பெல்லர் சுற்றாது. புது இம்பெல்லருக்குச் சோப்புத் தண்ணீரோ கிளிசரினோ தடவுங்கள். கூட்டைக் கீழே அமுக்கிக்கொண்டே ஷாப்டை வலஞ்சுழியாகத் திருப்பினால் இதழ்கள் தாமாகவே சரியான பக்கம் மடங்கி உள்ளே போகும்.

காலைத் திரும்ப ஏற்றும்போது மூன்று விஷயம் ஒரே நேரத்தில் பொருந்த வேண்டும்: ஷாப்டின் பற்கள், தண்ணீர்க் குழாய், கியர் கம்பி. இரண்டு பேர் வேண்டும். ஷாப்டின் பற்களின் பக்கவாட்டில் கிரீஸ் தடவுங்கள், உச்சியில் தடவாதீர்கள். உச்சியில் கிரீஸ் இருந்தால் அது அடைபட்டு ஷாப்ட் முழுதும் ஏறாது. பற்கள் பொருந்தாவிட்டால் பிளைவீலை மெதுவாக வலஞ்சுழியாக அசையுங்கள். ஒரு போதும் போல்ட்டை இறுக்கி இழுத்துச் சேர்க்காதீர்கள். கையால் அமுக்கியே இடைவெளி முழுதும் மூட வேண்டும். இந்த இடத்தில் பொறுமை இழந்து காலின் காதை உடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தெர்மோஸ்டாட்டையும் இதோடு பாருங்கள். நூலில் கட்டி, சூடாகும் தண்ணீரில் தொங்கவிட்டால் வாய் திறக்க வேண்டும், ஆறினால் மூட வேண்டும்.

10. கியர் ஆயிலும் காத்தாடியும்

காலில் இரண்டு திருகு இருக்கும், கீழே ஒன்று, மேலே ஒன்று. கீழுள்ளதைத் திறந்து, பிறகு மேலுள்ளதைத் திறந்தால் ஆயில் இறங்கும். பால் கலந்ததுபோல் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. பெரும்பாலும் குற்றவாளி காத்தாடி ஷாப்டின் ஆயில் சீல், அதை அறுப்பது காத்தாடிக்குப் பின்னால் சுற்றிக்கொண்ட தங்கூசி. காத்தாடியைக் கழற்றி அந்த நூலை வெட்டி எடுப்பது வருடத்துக்குப் பல முறை செய்ய வேண்டிய வேலை.

புது 90 நம்பர் கியர் ஆயிலைக் கீழ்த் துளை வழியாக ஏற்றுங்கள், மேல் துளையில் குமிழி இல்லாமல் வழியும் வரை. மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளே மாட்டிக்கொண்டு, நிறைந்துவிட்டதாகப் பொய் சொல்லும். மேல் திருகை மூடிவிட்டே கீழ்க் குழாயை எடுக்க வேண்டும். இரண்டு வாஷரும் புதிதாக.

ஷியர் பின் உள்ள மாடல் என்றால் அதற்கென்று விற்கும் பின்னையே போடுங்கள். காத்தாடி பாறையில் பட்டால் பின் முறிந்து கியரைக் காப்பாற்ற வேண்டும். ஆணியை வெட்டிப் போட்டால் பின் தப்பிக்கும், கியர் பல் போகும்.

காலில் திருகியிருக்கும் துத்தநாகக் கட்டிக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள். அது தான் கரைந்து காலைக் காப்பது. பாதி கரைந்தால் மாற்றிவிடுங்கள்.

11. டிரம்மில் ஓட்டிப் பார்ப்பது

காத்தாடியைக் கழற்றிவிட்டே டிரம்மில் இறக்குங்கள். தண்ணீர் காத்தாடிக்கு மேலுள்ள தட்டுக்கு ஒரு சாண் மேலே நிற்கட்டும். நியூட்ரலில், குறைந்த வேகத்தில் மட்டும். பாரம் இல்லாமல் வேகம் கூட்டினால் இஞ்சின் தறிகெட்டு ஓடி உள்ளே முறியும். புகை வீட்டுக்குள் போகாத இடமாக இருக்கட்டும், அதில் உள்ள கார்பன் மோனாக்சைடு உயிரை எடுக்கும்.

ஒரு நிமிடத்துக்குள் பின்னால் தண்ணீர் பீச்ச வேண்டும். ஹெட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சுர் என்று பொங்கினால் உடனே நிறுத்துங்கள். இரண்டு சிலிண்டரும் ஓடுகிறதா என்று பார்க்க, ஓடும்போதே பிளக் மூடியைப் பிடுங்குவது பலருடைய பழக்கம். சிடிஐ இஞ்சினில் அது ஆளுக்கும் ஆகாது, காயிலுக்கும் ஆகாது. நிறுத்திவிட்டு இரண்டு பிளக்கின் நிறத்தைப் பாருங்கள், அதுவே சொல்லும்.

12. கடலில் விழுந்த இஞ்சின்

அலையில் வள்ளம் கவிழ்ந்து இஞ்சின் மூழ்கிவிட்டால் மேலே சொன்ன வரிசை பொருந்தாது. இங்கே எதிரி நேரம். வெளியே எடுத்துக் காற்றுப் பட்டதும் அரிப்பு வேகமெடுக்கும். ஓடும்போதே மூழ்கியிருந்தால் கயிற்றை இழுத்துப் பார்க்காதீர்கள், உள்ளே தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம். பிளைவீலைக் கையால் சுற்றி, தடை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நல்ல தண்ணீரால் உள்ளும் புறமும் கழுவி, பிளக்கைக் கழற்றி, துளைகளைக் கீழ்நோக்கிச் சாய்த்துத் தண்ணீரை வடியுங்கள். கார்புரேட்டரைக் காலி செய்து, சிலிண்டரில் ஆயில் விட்டு, சுற்றிப் பிசையவிட்டு, சில மணி நேரத்துக்குள் ஸ்டார்ட் செய்து அரை மணி ஓட்ட வேண்டும். அன்றே முடியாது என்றால் வெயிலில் காயவைக்காதீர்கள். நல்ல தண்ணீர் நிறைந்த டிரம்முக்குள் முழுதாக மூழ்கடித்து வைத்து, மெக்கானிக்கை அழைத்து வாருங்கள்.

13. கரையோரமாக முதல் ஓட்டம்

தனியாகப் போகாதீர்கள். துடுப்பு, ஒரு ஜோடி பிளக், பிளக் ஸ்பேனர், ஷியர் பின், போன், லைப் ஜாக்கெட். அரை மணி நேரம் கரை தெரியும் தூரத்திலேயே, திராட்டிலை மாற்றி மாற்றிக் கொடுத்து ஓட்டுங்கள். திரும்பியதும் நல்ல தண்ணீர் டிரம்மில் பத்து நிமிடம் ஓட்டி உப்பைக் கழுவிவிட்டு, நீங்கள் திறந்த ஒவ்வொரு போல்ட்டையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

இஞ்சினை இரவு முழுக்க நிமிர்ந்த நிலையில் நிறுத்தி வையுங்கள். காலையில் கியர் ஆயிலின் கீழ்த் திருகைச் சற்றே தளர்த்தி, முதலில் கசியும் சொட்டை விரலில் ஏந்துங்கள். ஆயிலாக இருந்தால் திருகை இறுக்கிவிட்டு வலையை ஏற்றலாம். தண்ணீராக இருந்தால் காத்தாடி சீலை மாற்றிய பிறகுதான்.